முப்பத்தாறிலிருந்து கீழே

ஷார்ஜாவிலிருந்து செலஸ்டின் மச்சான் கொண்டுவந்தது.
கறுப்பு பிளாஸ்டிக், தூக்கினால் கனமே இல்லை.
"புதுசா படம் எடுக்கிறவங்களுக்குள்ளது" என்றார்.
எனக்கு அளவெடுத்துத் தைத்த வார்த்தை.

ரோலைப் போட்டு மூடியதும்
மொத்தச் சுருளையும் விர்ரென்று வெளியே இழுத்துவிடும்.
பிறகு எடுக்க எடுக்க
ஒவ்வொன்றாக டப்பிக்குள் திருப்பி அனுப்பும்.
எண் முப்பத்தாறில் தொடங்கி இறங்கும்,
கடன் அடைகிற மாதிரி.

சின்னப்பாலம் கரையில்
பாசி எடுக்கிற பெண்களுக்கு அடையாள அட்டைப் படம்.
முப்பத்தாறு பேர், ஒரே ரோல், சங்கத்துக் காசு.
பின்னால் கட்டிய வேட்டியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
விரலைப் பாதி அழுத்தினால்
லென்ஸ் முன்னே போகும், பின்னே வரும்,
வெளுத்த கடலில், அதைவிட வெளுத்த வானத்தில்
பிடித்துக்கொள்ள ஒரு கோடு கிடைக்காமல்
சர்ர் சர்ரென்று தேடும்.
முகத்துக்குத் திருப்பினால் பீப்.
அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொருத்தியும் சிரித்தாள்.

முத்துராக்கு சிரிக்கவில்லை.
காலில் கட்டிய அலுமினியத் தட்டைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.
"இது எதைப் பார்த்து நிக்குது?"
கோடு எங்க இருக்கோ அங்க, என்றேன்.
"அப்ப எம் மூஞ்சியில தேட வேண்டாம்."

பீப்.
எண் பதினேழு.

அப்போதுதான் ரோந்துப் படகு வந்தது.
தீவுப் பக்கம் போனதுக்குச் சாட்சி வேண்டுமா வேண்டாமா
என்று அவர்களுக்கே தெரியவில்லை.
காக்கிச் சட்டைக்காரர் கேமராவை வாங்கிப்
பின்கதவைத் திறந்து வெயிலில் பிடித்தார்.
சுருள் இறால் தோல் மாதிரி மினுங்கியது.
"எல்லாம் போச்சு, கெளம்பு."
நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.
அது எனக்கு நன்றாக வரும்.

எடுத்ததெல்லாம் டப்பி இருட்டில் பத்திரம்.
வெயில் தின்றது எடுக்காத பதினேழை.

ராமநாதபுரத்தில் கழுவிப் பார்த்தேன்.
பத்தொன்பதாவது மட்டும் வாசலில் மாட்டிக்கொண்டது போல:
முத்துராக்குவின் இடது காதுவரை ஆரஞ்சுத் தீ,
மிச்ச முகத்தில் ஒரு கோடு பிசகவில்லை.
அட்டையில் அதையே ஒட்டினார்கள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள்
இன்னும் கேட்கிறார்கள்.
பேட்டரி தீர்ந்துவிட்டது,
மதுரையில்தான் கிடைக்கும்,
ரெண்டு ரோல் விலை என்கிறேன்.
உண்மைதான்.
ஆனாலும் சொல்லும்போது என் கண்
முன்னே போகிறது, பின்னே வருகிறது,
நிற்க ஒரு இடம் கிடைக்காமல்.