கீழணைக்கு மேல்

காலை நாலரைக்கு காஜா ஷெரீப்பின் போன் வரும்:
குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியாச்சு.
அவன் வண்டி கோத்தகிரி ஏறுவதற்குள்
கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு
எதிர்க்கடை டீ கிளாஸைப் பிடித்து
விரல்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கு ஒரே ஒரு கொடுவா.
பதினொன்றரை கிலோ, பழையாறு சரக்கு.
தெர்மோகோல் பெட்டி நீளம் போதவில்லை.
வால் வெளியே கிடந்தது,
பனையோலை விசிறி மாதிரி வட்டமாக,
ஓரமெல்லாம் ஐஸ்.

"ஆணா பொண்ணா?" என்றார் போஜன்.
ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர்.
புருவத்தில்கூடத் தேயிலைத் தூசி.
இப்போ பொண்ணு, என்றேன்.
"அப்போ?"
அப்போ ஆண்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கொடுவா ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும்.
சில வருஷம் அப்படியே திரியும்.
ஆறேழு கிலோ ஏறுகிற சமயம்
வயிற்றுக்குள் ஒன்று கரைந்து
இன்னொன்று கட்டும்.
ரேஷன் கார்டில் திருத்தம் கேட்டு
எந்த ஆபீஸ் வாசலிலும் அது நிற்பதில்லை.
மழை தொடங்கின மாசத்துப் பெரிய ஏற்றத்தில்
முகத்துவாரத்துக்கு வரும்,
இந்தத் தடவை சினையோடு.

செவுள் மூடியைப் பார்த்துத் தூக்க வேண்டும்.
ஓரம் பிளேடு.
என் கட்டைவிரலில் இருக்கிற மூன்று தையலும்
இதன் சொந்தக்காரர்கள் போட்டவை.
வாயோரம் துருவேறிய கொக்கி ஒன்று,
அதில் இரண்டு விரற்கடை நைலான் நரம்பு.
எவனோ படகில் நின்று, கம்பு வில்லாக வளைய,
போட்டோவுக்கு முகத்தைத் தயார் செய்திருப்பான்.
இது தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியிருக்கும்.
செவுளோரம் நரம்பை அறுத்துவிட்டு
அலையாத்தி வேர்களுக்குள் போய் நின்றிருக்கும்.

நிற்பதுதான் அதன் வேட்டை.
சேற்றுத் தண்ணீரில், வேர் நிழலில், அசையாமல்.
இறால் பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும்.
தண்ணீரே இறாலை உள்ளே கொண்டு கொட்டும்.
இருட்டில் டார்ச் அடித்தால்
கண் மட்டும் கங்கு.

குட்டியில் நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கோடு.
அந்தக் கோட்டோடு உப்பை விட்டு
நல்ல தண்ணீர் தேடி ஆறேறும்.
கொள்ளிடத்தில் ஏறும், ஏறும்,
கீழணையில் முட்டும்.
கதவுக்குக் கீழே எத்தனை நாள் நின்றதோ.
மேலே வருகிற தண்ணீர் என்ன ருசி என்று
அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

மீதித் தூரத்தை
காஜா ஷெரீப் ஓட்டிக்கொண்டு வந்தான்.

தலையைப் பிளந்தேன்.
மூளைக்கு அடியில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று,
காதுக்கல்.
உடைந்த பச்சரிசி நிறம்.
மெலிசாக அறுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்
வருஷத்துக்கு ஒரு வளையமாம்,
எந்த வருஷம் உப்பில் எந்த வருஷம் ஆற்றில்
என்பதுகூட அதற்குள் இருக்குமாம்.
நான் அறுப்பதில்லை. கழுவித்
தைலப் பாட்டிலில் போட்டுவைக்கிறேன். இதோடு நாற்பத்தியாறு.

"வளைவுக்கு வளைவு எனக்கே காது அடைச்சுக்குது,"
என்றான் காஜா ஷெரீப், பாட்டிலை ஆட்டியபடி.
"கல்லையே காதுல வச்சிருக்கிற இதுக்கு?"
செத்ததற்கு என்ன அடைப்பு, என்றேன்.
சொன்ன பிறகு அது சரியான பதிலாகப் படவில்லை.

போஜன் தலையை வாங்கிக்கொண்டார்.
வாளித் தண்ணீரைப் பலகைமேல் கொட்டினேன்.
செதிலும் ரத்தமும் சாக்கடைக்குப் போயின.
சாக்கடை ஓடைக்கு.
ஓடை கேத்தரின் அருவியில் விழுந்து கல்லாறு,
கல்லாறு பவானி, கூடுதுறை, காவிரி.
முக்கொம்பில் இடப்பக்கம் திரும்பினால் கொள்ளிடம்.
பாதியில் யாராவது வயலுக்குத் திருப்பாவிட்டால்
இந்த ஒரு வாளி
கீழணைக் கதவுவரை போய்ச் சேரும்.

அங்கே இப்போது
வெள்ளைக் கோட்டோடு எது நிற்கிறதோ.

"பாக்கி இருபது ரூபாய்," என்று
போஜன் திரும்பி வந்து நின்றார்.
ஈரக் கையை ஸ்வெட்டரில் துடைத்தேன்.