விவேகமுள்ள பாமரர்

சட்டத்தில் ஒருவர் குடியிருக்கிறார்.
பெயர் இல்லை, வயது இல்லை,
கதவிலக்கம் கிடையாது.
மருத்துவம் படித்தவர் அல்லர்;
உடம்பைப் பற்றி ஊர் அறிந்த அளவு அறிந்தவர்.
விவேகமுள்ள பாமரர் என்கிறது பிரிவு.
அவர் எதை அவசரம் என்று அஞ்சுவாரோ
அதுவே அவசரம்.
அதற்குக் காப்பீடு பணம் கட்டியாக வேண்டும்,
பிற்பாடு நோய்க்கு என்ன பெயர் வைத்தாலும்.

நான் இருப்பது வடக்கு டகோட்டாவில்,
இருபத்தோரு படுக்கை ஆஸ்பத்திரியில்,
சலவை அறையை ஒட்டிய மேசையில்.
மறுக்கப்பட்ட பில்களுக்காக
மறுபடி வாய் கொடுப்பது என் வேலை.

நவம்பர் கடைசியில் வந்தது அந்தக் கடிதம்.
ஆர்லீன் ட்வெய்ட், ஐம்பத்தெட்டு,
சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டுபவர்.
இரவு இரண்டே காலுக்கு நெஞ்சில் ஒரு பாறை,
தாடை வரை இழுத்த வலி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
முப்பத்தாறு மைல் தானே ஓட்டி வந்தார்,
ரேடியோவை அலறவிட்டு.
மயங்கினால் அது எழுப்பும் என்று.
ஈ.சி.ஜி. சுத்தம். ரத்தம் சுத்தம்.
விடியும்போது டாக்டர் சொன்னார்: வாயு.

வாயுவுக்கு ஒரு குறியீடு உண்டு,
ஓர் எழுத்து, இரண்டு இலக்கம்.
கம்பெனியின் இயந்திரம் அந்த மூன்றை மட்டும் படித்தது.
அவசரம் அல்ல என்றது.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்
ஆர்லீன் தலையில்.

எழுதினேன்:
ஐயா, விடிந்தபின் எல்லாருக்கும் தெரியும்.
இரண்டே காலுக்கு என்ன தெரிந்தது
என்பதைத்தான் சட்டம் கேட்கிறது.
அவர் வந்த வழியில் எந்த மைல்கல்லிலும்
உங்கள் குறியீடு எழுதியிருக்கவில்லை.

(கடைசி வாக்கியத்தை மேலாளர் டுவெய்ன் அடித்துவிட்டார்.
பிரிவு எண் போதும் என்றார்.)

எழுதும்போதெல்லாம் அந்தப் பாமரரை நினைத்துக்கொள்வேன்.
கம்பளித் தொப்பி மாட்டிப் பார்ப்பேன்.
சில நாள் ஆண், சில நாள் பெண்.
குழந்தைக்கு மூச்சு இரைத்தால்
செருப்பைக்கூடத் தேடாமல் சாவியைத் தேடுபவர்.
அவருக்கு நெஞ்சு உண்டு, வலி உண்டு,
பயப்பட உரிமை உண்டு.
பர்ஸ் உண்டா என்று மட்டும்
சட்டம் மூச்சு விடவில்லை.

பதினோரு வாரம். ஜெயித்தோம்.
ஜெயித்தோம் என்றால்,
ஒப்பந்த விலைக்கு வெட்டியது போக
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிக்கு.
இருநூற்றைம்பது ஆர்லீன் பங்கு.
மீதி யாருடையதும் அல்ல,
காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே செத்த பணம்.

போனில் சொன்னேன்.
நல்லது என்றார். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
பிறகு, வேறு யாருக்கோ நடந்ததுபோல்,
போன வாரமும் ஒரு ராத்திரி வந்தது என்றார்.
அதே பாறை. அதே தாடை.
சமையலறையில் போய் உட்கார்ந்தாராம்.
மேசைமேல் கம்பெனியின் உறைகள், பிரித்தது பாதி, பிரிக்காதது பாதி.
சோடா உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு
ஐந்து மணி வரை கடிகாரத்தைப் பார்த்தாராம்.
வாயுதானே, என்று சிரித்தார்.

அடுத்த முறை வந்துவிடுங்கள் என்றேன்.
எவ்வளவு ஆகும் என்றார்.

கோப்பை மூட வேண்டியிருந்தது.
முடிவு: சாதகம்.
கட்டத்தில் குறி போட்டேன்.
சுவருக்கு அப்பால் யாருடைய போர்வைகளோ
சுற்றிக்கொண்டிருந்தன.

சட்டத்தில் குடியிருப்பவர்
இப்போது எனக்கு அந்தச் சமையலறையில்தான் தெரிகிறார்.
சாவியை எடுக்கிறார்,
எடையைப் பார்ப்பதுபோல் கையில் வைத்திருக்கிறார்,
ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு
ஆர்லீனுக்கு எதிரே உட்காருகிறார்.