கொழுத்த வியாழன்

காலை ஆறரை. மைனஸ் எட்டு.
வூச் நகரத்து டிராம் டிப்போவுக்கு எதிரே
பேக்கரி வாசலில் தொடங்கிய வரிசை
மருந்துக்கடையைத் தாண்டி
பூட்டிக்கிடக்கும் நூலாலைச் சுவர்வரை நீள்கிறது.
நாற்பது நாள் நோன்புக்கு முந்தைய வியாழன்.
இன்று ஒரு போன்ச்கியாவது தின்னாதவரை
ஆண்டு முழுதும் அதிர்ஷ்டம் அண்டாதாம்.
எனக்கு நம்பிக்கையில்லைதான்.
ஆனால் இது
சோதித்துப் பார்க்கிற ஆண்டில்லை.

இருபத்தொன்பதாவது வாரம்.
ஐந்து வாரமாக எனக்குச் சர்க்கரை,
அதனால் எனக்குச் சர்க்கரை இல்லை.
விரல் நுனியெல்லாம்
புதிதாய்த் தையல் பழகுகிறவளின் விரல்கள்.
நாளுக்கு நான்கு சொட்டு ரத்தம்,
நீல நோட்டில் நான்கு எண்கள்.
விடியலில் தொண்ணூற்றுக்குள்,
உண்டு ஒரு மணி கழித்து நூற்று நாற்பதுக்குள்.
பள்ளியில்கூட மதிப்பெண்ணுக்கு
இப்படி நடுங்கியதில்லை.
இங்கே கூடினால் தோல்வி.

போன சனிக்கிழமை
ஓர் ஆப்பிள், வெறும் ஆப்பிள்,
நூற்று அறுபத்தொன்றில் கொண்டுபோய் விட்டது.
ஆப்பிளின் காம்பைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

மாமியார் உர்ஷுலா வந்தால்
கோட்டைக் கழற்றும் முன்பே
சர்க்கரை டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவாள்.
விட்டோல்ட் குளியலறையில் ஒளிந்து
குழாயைத் திறந்துவிட்டுச் சாக்லேட் தின்கிறான்.
இரண்டு கதவு தாண்டியும்
காகிதம் கிழிவது எனக்குக் கேட்கும்.
ஒன்றும் சொல்வதில்லை.
வாயைக் கட்டியவளுக்குக் காது கூர்மை.

டயட்டீஷியன் லூயிசா மட்டும்தான்,
காதில் ஒற்றை வளையம் போட்டவள்,
“எப்போதாவது ஒன்று. அதில் பாதி.
வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டின் பின்.
பிறகு நட. பிறகு அள.
நீ ஒன்றும் கைதி இல்லையே” என்றாள்.
அந்தக் கடைசி வரியை
மருந்துச்சீட்டில் எழுதித் தரக் கேட்டேன்.
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

வரிசையில் யாரோ
பொத்தான் எட்டாத என் கோட்டைப் பார்த்துவிட்டார்.
“கர்ப்பிணி! முன்னால் விடுங்கள்!”
முதியவர், மாணவர், கட்டடத் தொழிலாளி
எல்லாரும் பனியில் ஓரடி ஒதுங்கினார்கள்.
எந்த வயிறு வேண்டாம் வேண்டாம் என்று
ஐந்து வாரமாய்த் தடுத்ததோ
அதே வயிறு என்னை
முதல் ஆளாய்க் கொண்டுபோய் நிறுத்தியது.

“எத்தனை டஜன்?”
“ஒன்று.”
“ஒரு டஜனா?”
“ஒன்று.”
எனக்குப் பின்னால் எண்பது பேரின் மூச்சு
வெண்புகையாய் நின்று கேட்டது.
அவள் துக்கவீட்டில் போலத் தலையசைத்து
ஆரஞ்சுத் தோல் அதிகம் ஒட்டியதாய்ப் பொறுக்கி
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

மதியம் முட்டை இரண்டு,
புளித்த முட்டைக்கோஸ், கறுப்பு ரொட்டி ஒரு துண்டு.
அப்புறம் கத்தி.
நேர் நடுவில்தான் வெட்டினேன், சத்தியமாக.
ரோஜா ஜாம் மொத்தமும்
ஒரு பக்கமாய் ஒதுங்கிக் கிடந்தது.
ஒரு பாதி வெறும் பஞ்சு.
மறுபாதி கருஞ்சிவப்பாய்த் தட்டில் வழிந்தது.
எந்தப் பாதி என்று
லூயிசா சொல்லவில்லை.

பஞ்சை விட்டோல்டுக்கு மூடிவைத்தேன்.

மேல்பூச்சு பல்லில் நொறுங்கி,
கொழுப்பு மணம் மூக்கில் ஏறி,
பிறகு ரோஜா.
கண்ணை மூடவில்லை.
தட்டையே பார்த்துக்கொண்டு,
பேருந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை
என்பவளைப் போல மெதுவாக.
கடைசி விள்ளலில் உள்ளிருந்து ஓர் உதை.
நன்றியா புகாரா தெரியவில்லை.

நூலாலையை இரண்டு சுற்று.
வழுக்கும் நடைபாதையில் வாத்து நடை.
நான்கு மாடிப் படி, லிஃப்டை முறைத்தபடி.
இடக்கை மோதிர விரல்.
ஐந்து, நான்கு, மூன்று,
இந்த மீட்டருக்கு இரக்கம் கிடையாது,
ஒன்று.

நூற்று முப்பத்தெட்டு.

நாளை வேறாக இருக்கலாம்.
மார்ச்சில் இன்சுலின் ஊசி வரலாம் என்கிறார்கள்,
வந்தால் வரட்டும்.
நீல நோட்டில் நேரமெழுதி, எண்ணெழுதி,
உணவு என்ற கட்டத்தில்
“அரை போன்ச்கி” என்று முடித்தேன்.
பேனாவை மூடினேன்.
திறந்தேன் மறுபடியும்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
ஜாம் இருந்த பாதி.