மற்றவை

படிவத்தில் ஒரு கட்டம்: 'சேரும் நோக்கம்.'
இளங்கலை, முதுகலை, சான்றிதழ், மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தேன்.
பக்கத்துக் கோட்டில் 'விளக்கவும்' என்றிருந்தது.
பேனாவை வைத்து, எடுத்து, வைத்து,
கடைசியில் 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்கவில்லை.
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

தண்டர் பே நகராட்சியில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை,
அதிகாலை மூன்று மணிக்கு.
வயது ஐம்பத்து மூன்று.
ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்; அதற்கு மேல்
காசும் இல்லை, கண்விழிப்பும் இல்லை.
இதுவரை: புள்ளியியல் (பாதியில் விட்டது),
லத்தீன் முதல் நிலை, பறவைகளின் எலும்புகள்,
மறுபடியும் புள்ளியியல்.
ஒன்றோடொன்று ஒட்டாது.

டிப்போவில் ஆர்வில் கேட்கிறான்,
தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டே:
"சம்பளம் கூடுமா?"
கூடாது.
"பட்டமாவது கிடைக்குமா?"
பட்டத்தை யார் விட்டால் என்ன,
நூல் என் கையில் இருந்தால் போதும்.

இந்தப் பருவம் பனியாறுகள்.
பேராசிரியர் பெலாஞ்சர் பலகையில் வரைந்தார்:
பனியாறு தள்ளிக்கொண்டே போகும்,
நின்றுபோன இடத்தில்
கல்லும் மண்ணும் மேடாகக் கிடக்கும்.
அந்த மேட்டுக்குப் பெயர் மொரைன்.
நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
வகுப்பே திரும்பிப் பார்த்தது.
இருபத்திரண்டு வருடமாக
வாசல் வாசலாக அதைத்தானே விட்டுப்போகிறேன்!
ஹார்ட்விக் தெருவில் ஒருவர்
குளியலங்கியோடு ஓடிவந்து, மண்வாரியை ஆட்டி,
அதற்கு வேறு பெயர்கள் சொல்வார்.

அதற்குப் பிறகு பிளேடை இறக்கும்போதெல்லாம்
என் முதுகுக்குப் பின்னால்
ஒரு மைல் கனத்துக்குப் பனி நகர்ந்து வருகிறது.
ஏரியைத் தோண்டிய அதே பனி.
அது அவசரப்படவில்லை.
நான் மட்டும் ஐந்து மணிக்குள் மருத்துவமனைச் சாலையை முடிக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலி கீகன், பத்தொன்பது வயது.
எதைச் சொன்னாலும், "இது தேர்வில் வருமா?"
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
வாரத்துக்கு ஐந்து பாடம், கழுத்துவரை கடன்,
ராத்திரியில் கோழி வறுக்கும் வேலை.
வராததைத் தெரிந்துகொள்ள
அவனுக்குக் கட்டுப்படியாகாது.

டிசம்பரில் தேர்வு, காலை ஒன்பது மணிக்கு.
முந்தின இரவே ஏரிப்பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது.
முழங்கால் ஆழம் பனி.
பல்கலைக்கழகச் சாலையை நான்கு முறை தள்ளினேன்,
நான்கு முறையும் மூடிக்கொண்டது.
எட்டரை மணிக்கு, கண்ணாடியில்
என்னைத் தொடர்ந்து ஊர்ந்துவரும் விளக்குகள்;
ஒற்றை விளக்கு எரிவது கீகனின் கார்.
சந்திப்பில் அவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள்.
என் தடம் வலப்பக்கம்.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது
மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார் பெலாஞ்சர்.
'பட்டத் திட்டத்தின் எண்' இல்லாமல்
கணினி அதை ஏற்கவில்லை.
இரண்டு முறை முயன்றார், பாவம்.
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லாமல் இல்லை.

வெளியே வந்து, லாரிக்குள் ஹீட்டரைப் போட்டு,
கீகன் கொடுத்துவிட்டுப் போன கேள்வித்தாளை விரித்தேன்.
நான்காவது கேள்வி: மொரைன் உருவாகும் விதம், உள்ளூர் எடுத்துக்காட்டுடன்.
வழித்தடப் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதினேன்.
ஹார்ட்விக் தெரு, எண் நாற்பது, வாசல்:
முனை மொரைன். படமும் போட்டேன்.
அவருடைய அறைக்கதவின் கீழே தள்ளிவிட்டு
மிச்சத் தெருக்களுக்குப் போனேன்.

மதிப்பெண் பட்டியலில் 'வரவில்லை' என்றிருந்தது.
ஜனவரியில் டிப்போ முகவரிக்கு
என் தாள்கள் திரும்பி வந்தன.
மதிப்பெண் இல்லை. ஒரே இடத்தில் சிவப்பு மை:
'பிளேடு சாய்வாகத்தானே தள்ளுகிறது?
அப்படியென்றால் இது முனை மொரைன் அல்ல.
பக்க மொரைன்.'

லாரியைச் சுற்றிப் போய்
பிளேடின் கோணத்தைப் பார்த்தேன்.
அவர் சொன்னது சரிதான்.