காதடைத்த கம்பம்

ஓரிகான் கடலோரம், சார்ல்ஸ்டன் துறை.
இரவு பதினொன்று தொடங்கி விடியற்காலை நாலுக்குள்
நாற்பத்தொரு முறை அணைந்து
நாற்பத்தொரு முறை உயிர்த்திருக்கிறது
நண்டுக் கிடங்கின் கோபுரம்.
காகிதக் கோப்பையோடு வாசலில் நின்றார் ஹால்வர்சன்.
"எந்தக் கப்பல் அது,
ராத்திரி முழுக்க வந்து வந்து போகிறது?"
மூடுபனி இருந்தது. கப்பல் இல்லை.

முனையில் ஒரு கம்பம்,
உச்சியில் சோற்றுப்பானை அளவு வெள்ளைப் பெட்டி.
அதற்கு ஒரே வேலை, மேற்கே பார்த்துக் கேட்பது.
அடிவானத்துக்கு அப்பால் கடற்படை ராடார்
தொண்டையைச் செருமினாலும் தெரிய வேண்டும்.
தெரிந்ததும் கரையில்
அந்த அலைவரிசையில் பேசுகிற எல்லோரும்
வாய் மூட வேண்டும்.
வீடு கடற்படையுடையது.
நாமெல்லாம் ஒண்டுக்குடித்தனம்.

போன வாரம் கிடங்குக்காரர்கள்
கூரைமேல் புதுப் பலகை ஏற்றினார்கள்,
பெட்டிக்கு அறுநூறு மீட்டர் தள்ளி.
கிழக்கே பேசத்தான் வைத்தார்கள்.
ஆனால் பலகைக்கு முதுகு உண்டு,
முதுகாலும் அது கொஞ்சம் பேசும்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம்.
இங்கே ஊதின சங்குதான்
காதைச் செவிடாக்கியது.

விதி எளிது, கூட்டத்தில் நானும் தலையாட்டிய விதி:
பெட்டிக்குக் காது அடைத்தால்
கப்பல் வந்துவிட்டதாகவே கொள்.
ஆகவே கோபுரம் கத்த, பெட்டி திணற,
டெக்சாஸில் எங்கோ ஒரு கணினி "நிறுத்து" என,
கோபுரம் அடங்க, பெட்டி தெளிய,
"பேசலாம்" என, கோபுரம் மறுபடி கத்த.
கிடங்குக்குள் எடைத்தராசுகள்
பாதி எண்ணில் உறைந்து நின்றன.
நண்டுகள் மட்டும் கூடைக்குள் நகர்ந்துகொண்டிருந்தன.

"பெட்டியின் காதைக் கொஞ்சம் திருகி வையேன்,
ஒரு தணிப்பான் போட்டால் ஆச்சே."
பையில் இருந்தது,
பத்து டெசிபல், கட்டைவிரல் நீளம்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
போட்டால் கத்தல் குறையும்.
கப்பலின் முணுமுணுப்பும் அதே அளவு குறையும்.
பிறகு பெட்டி நிம்மதியாக
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று
எழுதிக்கொண்டே இருக்கும்.
அப்படிப்பட்ட ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன்.
பைக்குள்ளேயே போட்டேன்.

கூரை ஏறினேன். உப்பு தின்ற போல்ட்டுகள்,
இரண்டு எண்ணெய்க்கு மசிந்தன,
ஒன்று என் விரல்தோலை எடுத்துக்கொண்டது.
பலகையைப் பதினாலு பாகை தெற்கே திருப்பி
நாலு பாகை குனிய வைத்தேன்.
முனைக்குப் போய்
பெட்டியின் முதுகுக்குப் பின்னே ஒரு தகரத்தட்டி,
காதுக்குப் பின்னால் கை குவிப்பதுபோல்.

திரையில் பச்சைக் கோடு இறங்கியது,
குன்று, மேடு, பிறகு விரித்த பாய்.
அந்த முனையில் அவ்வளவு தாழ்ந்த இரைச்சலை
நான் பார்த்ததில்லை.
ஹால்வர்சன் கையெழுத்திட்டார்,
என் பெயரை மூன்றாம் முறையும் தப்பாக எழுதி.

வண்டியை எடுக்கும்போது
வடக்கோர டிரெய்லர் வரிசையிலிருந்து
ஒரு பெண் கையாட்டினாள். இதாலியா.
இரவு முறையில் நண்டு உடைப்பவள்.
கிடங்கின் அலையைத்தான் அந்த வரிசையும் குடிக்கிறது.
இங்கே ஐந்து மணி ஆகும்போது
குவாத்தமாலாவில் மகன் பள்ளிக்குக் கிளம்புவானாம்,
படுக்கையில் இருந்தபடியே பேசுவாளாம்.
இன்று அவன் முகம் கட்டம் கட்டமாக உதிர்ந்ததாம்.

பதினாலு பாகையில் அவள் வாசல் ஒரு பாகை.
வரைபடத்தில் பார்த்திருந்தேன்.
பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன்.

அந்த வரிசைக்குச் சிறு பெட்டி ஒன்று
அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.
ஆறு வாரம் என்கிறார்கள்.
அதுவரை போர்வை சுற்றிக்கொண்டு
ரப்பர் செருப்போடு
ஐஸ் இயந்திரம் வரை நடந்து வந்து பேசுகிறாளாம்,
அதன் உறுமலுக்கு மேலே குரல் உயர்த்தி.

பதிவேட்டில் மூன்று நாளாகக்
கப்பல் இல்லை என்றே வருகிறது.
இந்த முறை கேட்டுவிட்டுச் சொல்கிறது.