ஒரு விரல் மேலே

புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றம், திறந்த கூடம்.
மழை விட்ட ஈரத்தில் கேபிள்கள்.
டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்த அமலி
மைக்கை வாயருகே வளைத்துக்கொண்டு
ஒரு விரலை மேலே காட்டினாள்.

என் குரல் இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

ஏற்றினேன்.
மறுபடியும் விரல்.
ஏற்றினேன்.
மூன்றாம் முறை மானிட்டர் பெட்டி
கொதிக்கிற கெண்டிபோல் வீறிட்டது.
முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த தொண்டூழியர்
நாற்காலியைக் கீழே போட்டார்.
கீபோர்டிலிருந்து ஹஃபீஸ் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதவில்லை.

மற்ற பாடகர்களுக்குக் கால் இருக்கிறது.
கேட்காவிட்டால் பெட்டிப் பக்கம் ஓரடி நகர்வார்கள்.
இவளுக்கோ கை இரண்டும் வேலையில்,
கால் இரண்டும் வேலையில்.
பகலிலும் அப்படித்தான், பேருந்து ஓட்டுகிறாள்.
முகத்துக்கு ஒரு முழம் தள்ளி சிம்பல் உடைகிறது,
உடைந்து, அவள் குரலுக்கு முன்பாகவே
அவள் மைக்குக்குள் புகுந்துவிடுகிறது.
நாலு வருடமாக நான் குரல் என்று ஏற்றியதில்
பாதி வெண்கலம்.

கேட்காதபோது கத்துவாள்.
கத்தும்போது சுருதி கால் வீசம் மேலே நிற்கும்,
கித்தார்க்காரர் தரையைப் பார்ப்பார்.

இதற்கிடையே மன்றத்து லிம்
கையில் டெசிபல் மீட்டரோடு வந்து நின்றார்.
எதிர் புளோக்கில் பத்தாவது மாடியில் கைக்குழந்தையாம்.
குறைக்கச் சொல்கிறார்கள்,
கூட்டச் சொல்கிறாள்,
என் கையில் இருப்பது ஒரே மேசை.

பையைத் துழாவினேன்.
வயர் வைத்த பழைய காதுக்கருவி ஒன்று, இன்னொருவருடையது.
முனையை மாற்றிக் கொடுத்தேன்.
பஞ்சை விரலில் உருட்டி நசுக்கி
இடது காதில் செருகினாள்.
வலது காது இவர்களுக்கு, என்றாள்.
வயரை அவள் முதுகில் கறுப்பு டேப்பால் ஒட்டினேன்,
வியர்வையில் இரண்டு தடவை கழன்றது.

பிறகு ஏற்றுவதை விட்டுவிட்டேன்.
அவள் காதிலிருந்து பேஸை எடுத்தேன்.
கித்தாரை எடுத்தேன்.
ஸ்னேர் எதற்கு, அவள் மடியிலேயே இருக்கிறது.
சுருதி பிடிக்க ஹஃபீஸ் மட்டும், உப்புப்போல.
மைக்கின் முதுகை சிம்பல் பக்கம் திருப்பினேன்.

எட்டு மணி. முதல் பாட்டு. முதல் அடி.
இரண்டாம் அடியில் வாய் நின்றுவிட்டது.
கைகால் மட்டும் ஓடுகிறது.
வயர் போச்சு என்று நான் எழுந்தேன்.
அவள் என்னைப் பார்த்து
விரலைக் கீழே காட்டினாள்.

கீழே.
நாலு வருடத்தில் முதல் தடவை.

இறக்கினேன். பாடினாள்.
மெதுவாக, வேறு யாரோ தூங்கும் அறையில் பாடுவதுபோல்.
கித்தார்க்காரர் நிமிர்ந்தார்.
லிம் மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்தரைக்கு மேல் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள்.
"எனக்கு ழ வரல," என்றாள்.
"மழையை மளைன்னு பாடுறேன்.
உனக்குத் தெரியும்தானே?"

தெரியும்.
ஹெட்ஃபோனில் ஒவ்வொரு மளையையும் கேட்டிருக்கிறேன்.
சொல்லவில்லை.
அதற்கு மேசையில் குமிழ் கிடையாது
என்று சொல்லித் தப்பப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை அவள்.

தலைக்கு மேலே எல்ஆர்டி காலியாகப் போனது.
ஸ்டாண்டுகளை மடித்துக்கொண்டே
மளை, என்றாள். மள. மழ.
இடது காதில் பஞ்சு
இன்னும் அப்படியே இருந்தது.