வெறும் கதிரை

நவம்பர் மழை விட்டும் விடாத காலை.
நிலாவெளி வீதியில் சைக்கிள் செயின் கழன்று
யுத்த மயானத்து வேலியோரம் நின்றேன்,
கை முழுக்கக் கறுப்புக் கிறீஸ்.

உள்ளே, வெள்ளைக் கற்களின் நடுவில்
கடற்படைப் பொடியன்கள் பன்னிரண்டு பேர்.
ஞாயிறன்று வரப்போகும் பிரதம விருந்தினருக்காக
இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை.
அதில் ஆள் இல்லை, மழைத்தண்ணீர்தான் இருந்தது.
அதற்கு சல்யூட் அடித்தார்கள்.

ஒருவன் அரைக் கணம் பிந்தினான்.
பிழை. திரும்பவும்.
சப்பாத்துகள் ஒன்றாய் விழவில்லை.
திரும்பவும்.

கடைசியில் நின்றவனின் கழுத்தில்
ஒரு முசுறு ஏறியது.
கொலருக்குள் போனது, வெளியே வந்தது.
கவிழ்த்த துவக்கின் மேல் கட்டிய கைகள்
கட்டியபடியே இருந்தன.
கடி விழுந்தபோது அவன் கண் மட்டும் கலங்கிற்று.

அந்த உடுப்போடு எனக்கொரு கணக்கு உண்டு.
தொண்ணூறாம் ஆண்டு மீன் வாங்கப் போன
அண்ணன் எமிலியானுஸ் இன்னும் வீடு வரவில்லை.
இவர்களிடம் பாடம் படிக்க எனக்கு மனமில்லை.
கண், என்னைக் கேளாமல் படித்துவிட்டது.

பதினேழு வருடமாய்ப் பீடத்துணி மாற்றுகிறேன்.
பூசைக்குச் சனம் இருந்தால்
என் முழந்தாள் நிலம் தொடும்.
வெறும் வெள்ளிக்கிழமைகளில்
துடைப்பம் கையிலிருக்க ஒரு தலையாட்டல்,
சந்தையில் தெரிந்தவரைக் கண்டதுபோல.
பூச்சாடித் தண்ணீர் நாறும்;
சனிக்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.
அணையா விளக்கு இரண்டு தரம் அணைந்திருக்கிறது.
சுவாமிக்குத் தெரியாது.
தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

செயினை மாட்டி மிதித்தேன்.
பின்னால் சிங்களத்தில் ஒரு கட்டளை,
பிறகு பன்னிரண்டு சப்பாத்துகளின் ஒரே ஓசை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சிற்றாலயக் கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது,
தோளால் தள்ளித் திறந்தேன்.
உள்ளே ஒருவரும் இல்லை
என்று எழுதப் பார்க்கிறேன். அது பொய்.
பேழையின் முன் சிவப்புச் சுடர் ஆடியது.

கிறீஸ் கையைச் சேலையில் துடைத்து
வலது காலை மடித்தேன்.
எலும்பு முறுகிற்று.
முழந்தாள் நிலத்தைத் தொடுமுன்னே
மனம் எழும்பிப் பூச்சாடிக்குப் போய்விட்டது.

பிழை.
திரும்பவும்.